ஆர்வி வாழ்க்கை வீடியோக்களில் வராத பக்கத்து சீட்

1/
"வீட்டை வித்துட்டு வண்டியில கெளம்புங்க, டென்ஷன் போச்சு, வியாதி போச்சு, டாக்டரே தேவையில்ல." அமெரிக்காவில் வருஷம் முழுக்க ஆர்வி வண்டியிலேயே வாழும் ஜோடிகளின் வீடியோக்களை இப்படி ஒரு வரி போட்டு நம்ம ஆட்களும் ஷேர் பண்றாங்க. அந்த ஒரு வரியை மறுக்கத்தான் இந்த த்ரெட். நீளம்தான், பொறுமையா படிங்க.

2/
ஆர்வி என்பது படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வேன் சைஸில் இருந்து 40 அடி பஸ் சைஸ் வரை உண்டு. குளிர்காலத்தில் அரிசோனா, வெயில் காலத்தில் வடக்கே மலைப்பக்கம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். "இந்த வயசுல பேரப்பிள்ளைகளோட இருக்காம என்ன ஊர்சுத்தல்" என்று கமெண்ட் போடும் கட்சியில் நான் இல்லை. ரெண்டு பேரும் ஆசைப்பட்டு கிளம்பினால் சந்தோஷம். என் சண்டை "டாக்டரே தேவையில்ல" என்ற பொய்யோடுதான்.

3/
வீட்டை வித்தா சுகர் போகாது, அதுவும் கூடவே வண்டி ஏறும். பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் தாங்கும். அரிசோனா பாலைவனத்தில் கோடை வெயில் 45 டிகிரியைத் தாண்டும். கரண்டோ ஜெனரேட்டரோ நின்றால் வண்டிக்குள் அடுப்புதான். கெட்டுப்போன இன்சுலின் பார்வைக்கு அப்படியே இருக்கலாம். ஊசி போட்டும் சுகர் ஏறும்போதுதான் தெரியும்.

4/
அடுத்தது கார்பன் மோனாக்சைடு. ஜெனரேட்டர், கேஸ் ஹீட்டர், கேஸ் அடுப்பு எல்லாம் ஒரு சின்ன அறை அளவு இடத்தில், குளிருக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு. இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். அமெரிக்காவில் தீ விபத்து கணக்கில் சேராமலே வருஷத்துக்கு 400 பேருக்கு மேல் இதில் சாகிறார்கள்.

5/
அறிகுறி என்ன? தலைவலி, தலைசுற்றல், வாந்தி. "ஃப்ளூ மாதிரி இருக்கு, படுத்துத் தூங்குவோம்" என்பார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே காற்றாட வந்ததும் குறைந்தால் அது ஃப்ளூ என்று நினைக்காதீங்க. இன்னொண்ணு: கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டர் இங்கே உங்களை ஏமாத்தும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்று படித்து 98 காட்டும். காப்பாற்றுவது அலாரம் மட்டும்தான். அதற்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருக்கும். எத்தனை வீடியோவில் அதைத் திருப்பிக் காட்டினார்கள்?

6/
இனி இன்சூரன்ஸ். வீடு இல்லாதவருக்கும் சட்டப்படி ஒரு முகவரி வேணும். அதனால் மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடாவில் தபால் முகவரி எடுக்கிறார்கள். 65 வயசுக்குக் கீழே, சொந்தமாக வாங்கும் காப்பீடு அந்த முகவரியை ஒட்டியது. ஆஸ்பத்திரி பட்டியலும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். மாரடைப்பு வந்தால் எமர்ஜென்சி என்று எங்கேயும் பார்ப்பார்கள். அதுக்கப்புறம் மாசாமாசம் வர வேண்டிய செக்கப்? வண்டி அரிசோனாவில், காப்பீடு ஆயிரம் மைலுக்கு அப்பால்.

7/
65-ல் மெடிகேர் வந்துடுமே என்பீர்கள். அரசின் பழைய மெடிகேர், அதை ஏற்கும் எந்த டாக்டரிடமும் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் இப்போது பாதிக்கு மேல் மூத்தவர்கள் இருப்பது தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில். அவற்றில் பெரும்பாலானவை ஒரு வட்டாரத்துக்குள் கட்டிப்போட்டவை. சரி, பழைய மெடிகேருக்குத் திரும்பிடலாம் என்றால், அதோடு சேர்த்து எடுக்கும் துணைக் காப்பீட்டை முதல் வாய்ப்பு முடிந்த பிறகு, நோய் இருப்பதைக் காட்டி மறுக்க பெரும்பாலான மாநிலங்களில் கம்பெனிக்கு உரிமை உண்டு. கிளம்பும் முன் யோசிக்க வேண்டியதை வழியில் யோசித்தால் கதவு மூடியிருக்கும்.

8/
"அதான் வீடியோ கால் டாக்டர் இருக்காரே?" அங்கே பொதுவாக டாக்டருக்கு, நோயாளி அந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அந்த மாநில லைசென்ஸ் இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் உங்க டாக்டர் உங்களைப் பார்க்க முடியாமல் போகலாம். மாநிலத்துக்கு மாநிலம் சுதந்திரமாகப் போவது வண்டி மட்டும்தான்.

9/
இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதற்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த 22 ஆய்வுகளை 2018-ல் தொகுத்தார்கள். 18-ல், தொடர்ந்து போனவர்களிடம் இறப்பு குறைவு. போன வருஷம் நீங்க எப்படி நடந்தீங்க, எப்படி பேசினீங்க என்று தெரிந்தவர்தான் இந்த வருஷ மாற்றத்தைக் கண்டுபிடிப்பார். ஊர் ஊருக்கு வாக்-இன் கிளினிக்கில் பார்ப்பவருக்கு நீங்க எப்பவும் புது ஆள்.

10/
இப்போ தலைப்பில் சொன்ன பக்கத்து சீட். பெரும்பாலான வீடியோக்களில் ஸ்டியரிங்கில் கணவர், பக்கத்தில் மனைவி. கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தால்? கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதற்கு முன் சிடி ஸ்கேன் எடுக்கணும். அழகான இடம் என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத் தூரமான இடம். 2010-க்குப் பிறகு அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற ஆஸ்பத்திரிகள் மூடிவிட்டன. செல்போனில் சிக்னல் இல்லை. அந்தம்மாவுக்கு 40 அடி வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. அவரை ஆம்புலன்ஸில் ஏத்தின பிறகும், அந்தம்மாவின் வீடு நடுக்காட்டில் நிற்கும்.

11/
ஓட்டுபவர் தகுதியும் கேள்விதான். சம்பளத்துக்கு லாரி ஓட்டுபவர் அதிகபட்சம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை முடிக்கணும். அதே அளவு பெரிய ஆர்வியை சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் 75 வயசுக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்கள் மிகப் பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் கேட்கின்றன, பல மாநிலங்களில் கார் லைசென்ஸே போதும். இதை சுதந்திரம் என்று கொண்டாடுபவர்கள் எதிரே வரும் காரில் இருப்பவரை நினைக்கணும்.

12/
"வீட்டுல இருந்தா மட்டும் ஸ்ட்ரோக் வராதா?" வரும். ஆனால் கதவைத் தட்ட பக்கத்து வீடு இருக்கும். மறதி நோய் தொடங்கினால் தெருவில் யாராவது "அண்ணன் ஒரு மாதிரி இருக்காரே" என்பார்கள். வண்டியில் சாவியைத் தொலைத்தாலும் வழி தப்பினாலும் "புது இடம்ல" என்று மனைவியே சமாதானம் சொல்லிக்கொள்வார். நர்ஸ், டிரைவர், காவல் என்று எல்லாமே அந்த ஒரே ஆள். அந்த ஆளும் அறுபது தாண்டியவர்.

13/
ஆசைப்பட்டுக் கிளம்பாதவர்களும் உண்டு. 2008 சரிவில் வீட்டை இழந்து, வாடகை கட்ட முடியாமல் வண்டியில் குடியேறியவர்களைப் பற்றி ஜெசிகா ப்ரூடர் 2017-ல் 'நோமேட்லேண்ட்' எழுதினார். படமாகி 2021-ல் ஆஸ்கர் வாங்கியது. அவர்களிடம் போய் "டாக்டர் தேவையில்ல" என்று சொல்லிப் பாருங்க. அவர்கள் டாக்டரை வேண்டாம் என்று விடவில்லை, அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

14/
ஆகவே, கிளம்புறவங்க கிளம்புங்க. வீட்டை விக்கும் முன் அஞ்சு கேள்வி:
வண்டியை ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியுமா?
போகும் மாநிலங்களில் காப்பீடு செல்லுமா?
வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது திரும்பி வந்து பார்க்க ஒரு நிரந்தர டாக்டர் இருக்காரா?
மருந்துப் பட்டியலும் கடைசி இசிஜியும் பக்கத்து சீட்காரர் கைக்கு எட்டுமா?
வண்டியை நிறுத்த வேண்டிய நாள் வந்தால் எங்கே இறங்குவீங்க?

15/
அஞ்சாவது கேள்விக்கு பதில் இல்லாதவங்க வீட்டை விக்காதீங்க, வாடகைக்கு விட்டுட்டுப் போங்க. இந்த அஞ்சையும் சொல்லாம சூரிய அஸ்தமனத்தை மட்டும் காட்டுற வீடியோ ஒரு விளம்பரம். விளம்பரத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீங்க.