குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலில் ஒரு தொழில்

ரூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் எம்மவர் நடத்தும் பலசரக்குக் கடைகளில் மனிதர் உறங்கினாலும் உறங்காத ஒன்று உண்டென்றால் அது குளிர்சாதனப் பெட்டியே. கடை பூட்டப்பட்ட பின்னரும் அது இரைந்துகொண்டேயிருக்கும். பாலும் மீனும் இறைச்சியும் குளிர்பானமும் விற்கும் கடையொன்றின் மின்கட்டணத்தில் பெரும்பங்கை விழுங்குவதும் அதுவே. இவ்விரைச்சலுக்குள் எம் இளைஞருக்கான நல்லதொரு தொழில் காத்திருக்கின்றது என்பது என் துணிபு.

வீட்டுக்கும் கடைக்கும் இந்நாட்டில் ஒரு பெரிய வேறுபாடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்குரிய மின்சார விலைக்கு 2019 ஜனவரி முதல் ‘ஒஃப்ஜெம்’ என்னும் ஒழுங்காற்று நிறுவனம் உச்சவரம்பு விதித்து வருகின்றது. கடைக்கு அத்தகைய வரம்பு எதுவுமில்லை. 2022 இல் உக்ரேன் போரையடுத்து எரிவாயு விலை ஏறியபோது, மின்சாரக் கட்டணமும் கூடவே ஏறிச் சிறு வர்த்தகரை நடுங்கவைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் முதல் அடுத்த மார்ச் வரை அரசு கைகொடுத்தது. பின்னர் அவ்வுதவி சுருங்கி, 2024 மார்ச்சுடன் நின்றுபோயிற்று.

இந்த நடுக்கத்தைக் காசாக்குவோர் தொலைபேசித் தரகர்கள். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் அழைத்து, “இன்றே சம்மதித்தால்தான் இந்த விலை” என்று அவசரப்படுத்துவர். தரகர் அனைவரும் தீயோர் என்று நான் கூறவரவில்லை. ஆயினும் அவர்களது தரகுப்பணம் பெரும்பாலும் ஒவ்வோர் அலகின் விலைக்குள்ளும் ஒளிந்திருப்பதால், கடைக்காரர் கூடுதலாக மின்சாரம் எரிக்க எரிக்கத் தரகருக்குக் கூடுதலாக வருமானம். அத்தகையவர் சிக்கனம் பேசுவாரா? அத்தரகுத் தொகையை வழங்குநர் நிறுவனங்கள் வெளிப்படுத்தவேண்டும் என்னும் விதி 2024 ஒக்டோபரில் எல்லா வர்த்தக நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஐம்பதுக்கும் குறைவான ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் ‘எனர்ஜி ஒம்புட்ஸ்மன்’ என்னும் குறைகேள் அமைப்பிடம் இலவசமாக முறையிடும் வழியும் அவ்வாண்டு டிசம்பரில் திறந்தது. கேட்டறியும் உரிமை கடைக்காரருக்கு உண்டு, கேட்பவர்தாம் குறைவு.

இனி, தொழிலுக்கு வருவோம். ஸ்மார்ட் மீற்றர் அரைமணித்தியாலத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கவல்லது. ஒரு நாளைக்கு 48 பதிவுகள். இவற்றுள் நள்ளிரவு முதல் அதிகாலை ஐந்து மணி வரையான பத்துப் பதிவுகளைப் பார்த்தாலே போதும். வாடிக்கையாளர் இல்லை, கதவு திறப்பார் இல்லை. அப்படியிருந்தும் மின்சாரம் அளவுக்கு மீறி ஓடுமானால் ஏதோ ஒரு பெட்டி நோயுற்றிருக்கின்றது. பின்புறச் சுருளில் தூசி படிந்திருக்கலாம். கதவின் இறப்பர் விளிம்பு கிழிந்திருக்கலாம். கதவற்ற திறந்த பெட்டிக்கு இரவில் திரை இழுக்கப்படாதிருக்கலாம். இத்தகைய குறையொன்றால் சராசரி 100 வாற் வீணாகின்றது என்று கொள்வோம். ஆண்டுக்கு 876 அலகுகள். அலகு 25 பென்ஸ் என்றால் 219 பவுண். ஐந்து பெட்டிகள் இருப்பின் ஆயிரம் பவுணைத் தாண்டும். மிட்டாயும் பத்திரிகையும் விற்று ஆயிரம் பவுண் இலாபம் காண்பதற்கு எத்தனை மணிநேரம் கல்லாவில் நிற்கவேண்டும் என்பதை வாசகர் அறிவர்.

இவ்வேலைக்குக் கூலி எவ்வாறு பெறுவது? வரலாறு படிப்பித்தவன் என்பதால் ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. ஜேம்ஸ் வாற்றும் அவரது கூட்டாளி மத்தியூ போல்டனும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கோர்ன்வால் சுரங்கங்களுக்கு நீராவி எந்திரம் அமைத்துக் கொடுத்தபோது, பழைய நியூகொமன் எந்திரத்தைவிட எவ்வளவு நிலக்கரி மிச்சமாகின்றதோ அதன் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைக் கட்டணமாகக் கேட்டனர். எந்திரம் எத்தனை முறை இயங்கியது என்பதை எண்ணப் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கணக்குமானியையும் வைத்தனர். அப்படியிருந்தும் சுரங்க முதலாளிகள் பணம் தரமறுத்து வழக்காடினர் என்பது வேறு கதை! மிச்சப்படுத்திய பணத்தில் பங்கு கேட்கும் தொழில், முன்னும் பின்னும் அளந்து எழுதிவைத்த கணக்கின்றி ஒருநாளும் நிலைக்காது. தெரிந்தவர், ஊரவர் என்ற உறவுக்குள் இத்தகைய கணக்குக் கேட்பதை நாம் அவமதிப்பாக எண்ணுகின்றோம். அப்பழக்கத்தைக் கைவிட்டேயாகவேண்டும்.

அரைகுறை வேலையின் விளைவுக்கு அண்மைய சான்றும் உண்டு. அரசின் திட்டங்களின் கீழ் வீடுகளுக்கு இடப்பட்ட வெளிச்சுவர் வெப்பக்காப்பில் 98 வீதமானவற்றில் திருத்தவேண்டிய குறைகள் இருப்பதாகத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒக்டோபரில் அறிவித்தது. திட்டப் பணம் வருகின்றது என்றதும் ஓடிவந்தோர் செய்த வேலை அது.

ஆதலால் பயிற்சி வேண்டும். மின்கம்பி வேலைக்கு ‘சிற்றி அன்ட் கில்ட்ஸ்’ போன்ற தகைமை. குளிரூட்டும் வாயுவில் கைவைப்பதற்கோ சட்டப்படி தனிச் சான்றிதழ். ஆனால் அளப்பதற்கும், துப்புரவாக்குவதற்கும், கட்டணச் சீட்டை வாசித்து விளக்குவதற்கும் கூர்ந்த கண்ணும் நேர்மையுமே முதல். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றுவிட்டு இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவுக்காவல் இருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். வதிவிட அனுமதி கிடைத்தவர்கள் இதில் தயங்காமல் இறங்கலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாதோருக்குப் பொதுவாக வேலைசெய்ய அனுமதியில்லையாயினும், அக்காலத்தை ஆங்கிலமும் கணிதமும் படிப்பதில் கழிக்கலாம்.

1990 இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி வாழ்ந்தோர், ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு மண்ணெண்ணெயை எண்ணி எரித்தோர்; சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர். சிக்கனத்தை இச்சமூகத்துக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் இங்கே மின்சாரம் பொத்தானில் வந்ததும் அதை மறந்தோம்.

மின்சாரத்தின் விலை நேரத்துக்கு நேரம் மாறும் காலமும் வந்துவிட்டது. 2022-23 குளிர்காலத்தில் நெருக்கடி வேளைகளில் பாவனையைக் குறைத்தவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தில் 16 இலட்சம் வீடுகளும் வர்த்தக நிலையங்களும் பங்குபற்றின. பாலையும் இறைச்சியையும் வெப்பமேறவிட்டுப் பணம் தேடுவது மடமை. ஆனால் மின்கலம் ஏற்றுவதையும் சலவை எந்திரத்தையும் மாலை நான்கிலிருந்து ஏழு மணிவரையான உச்சவேளைக்கு அப்பால் தள்ளலாம்.

எமது வர்த்தகர் சங்கங்கள் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்றுண்டு. ஒரே தெருவிலுள்ள பத்துக் கடைக்காரர்கள் பயிற்சி பெற்ற இரு இளைஞருக்கு ஒரு மாதம் தங்கள் மீற்றர் பதிவுகளைத் திறந்துகாட்டட்டும். முதற்கடையின் கணக்கை, இலாபமாயினும் நட்டமாயினும், மற்றைய ஒன்பது பேரும் பார்க்கும்படி சங்கத்தின் சுவரில் ஒட்டட்டும்.