சப்ரகமுவவுக்கு ஓர் அணி எங்கே?

2012 ஆகஸ்ட்டில் ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் முதன்முறையாக நடந்தபோது ஏழு அணிகள் களமிறங்கின. பஸ்னாஹிர, கந்துரட்ட, நாகெனஹிர, ருஹுணு, உத்துர, ஊவா, வயம்ப. தமிழில் சொன்னால் மேற்கு, மத்தி, கிழக்கு, தெற்கு, வடக்கு, ஊவா, வடமேல். நாட்டில் மாகாணங்கள் ஒன்பது. விடுபட்டவை இரண்டு: வடமத்தியும் சப்ரகமுவவும்.

சப்ரகமுவவின் கரவனெல்ல சந்தியில் பத்திரிகையை விரித்து அணிகளின் பெயரைப் படித்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பையன் ஒருவன், "அண்ணே, இதுல நம்ம டீம் எது?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. மலையகம் என்ற சொந்தத்தில் சிலர் கந்துரட்டவைப் பிடித்துக்கொண்டார்கள். இரத்தினபுரிப் பக்கத்து உறவுக்காரர்கள் அயல் மாகாணம் என்று ஊவாவுக்குக் கைதட்டினார்கள். கடைசியில் ஊவாதான் கிண்ணத்தை வென்றது. ஆனால் அந்த ஊவா அணி ஊவா மண்ணில் ஒரு பந்துகூட ஆடவில்லை. போட்டிகள் எல்லாம் கொழும்பிலும் பல்லேகலையிலும் முடிந்தன. மாகாணத்திடமிருந்து பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தத் தொடர் அடுத்த ஆண்டே நின்றுபோனது. 2020 இல் லங்கா பிரீமியர் லீக் வந்தது. இம்முறை மாகாணங்களுக்குப் பதிலாக ஐந்து ஊர்கள்: கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம். 2022 இல் தொடங்கிய தேசிய சுப்பர் லீக்கிலும் அதே ஐந்து ஊர்கள். வடமத்திய எல்லையில் நிற்கும் தம்புள்ளையால் அந்தப் பக்கத்து ரசிகருக்குப் பாதி ஆறுதல் கிடைத்தது. சப்ரகமுவவின் கேகாலைக்கும் இரத்தினபுரிக்கும் அதுவும் இல்லை. விரிவாக்கம் என்று அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் மாகாணத்தின் பெயர் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது.

யாழ்ப்பாண அணி தமிழ் ரசிகருக்குத் தந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முதல் ஐந்து தொடர்களில் நான்கை அது வென்றது. யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணியில் அறிமுகமாகி, 2024 இல் ஐ.பி.எல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காகப் பந்துவீசியதைப் பார்க்க எங்கள் லயங்களிலும் தொலைக்காட்சி முன் கூட்டம் கூடியது. அணி ஒன்று ஊரின் பெயரைச் சுமந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த ஒரு பையன் போதும். ஆனால் அந்த ஐந்து தொடர்களிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. அணியை வாங்குகிறவரிடம் பணம் கேட்கிறார்கள், உத்தரவாதம் கேட்கிறார்கள். ஊரில் வந்து ஆட வேண்டும், ஊரிலிருந்து இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் வலுவாக இல்லை. ஒரு லீக்கில் சேர்வதற்கான நிபந்தனையில் எது கேட்கப்படுகிறதோ அதுவே வளரும் என்பதை இந்த ஐந்து ஆண்டுகள் காட்டிவிட்டன.

இதே கேள்வியை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு இப்போது பெரிய அளவில் எதிர்கொள்கிறது. அங்கே பல்கலைக்கழக அணிகள் 'கொன்பரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாக ஆடுகின்றன. 1915 இல் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டமைப்பின் வழிவந்தது பசிபிக்-12. தொலைக்காட்சிப் பணம் பெருகிய இடத்தை நோக்கிப் பன்னிரண்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. எஞ்சியவை ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு மட்டுமே. 2023 செப்டெம்பரில் அத்லாந்திக் கரைக் கூட்டமைப்பு மூன்று புதியவர்களைச் சேர்த்துக்கொண்டது. பசிபிக் கரையிலிருக்கும் ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் பல ஆண்டுகளுக்குக் குறைந்த பங்கை ஏற்றுக்கொண்டு உள்ளே வந்தன. டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு அந்தக் கூட்டமைப்பின் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டது. அதன் ரசிகர்கள் அந்த நாளைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள். வாசல் திறந்ததே போதும் என்பது அவர்கள் மனநிலை. முதல் ஆண்டிலேயே அந்த அணி கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்துக்குப் போய், நாட்டின் முதல் 12 அணிகளில் ஒன்றாகத் தேர்வானது. அதே காலத்தில் ஒரிகன் ஸ்டேட் ரசிகர்கள், தலைமுறை தலைமுறையாக எதிர்த்து ஆடிய அணிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சேர்ந்தவர் மகிழ்ச்சியும் விடுபட்டவர் துயரமும் ஒரே முடிவிலிருந்து வந்தவை. அந்த முடிவை எடுத்த அறையில் ரசிகருக்கு நாற்காலி இல்லை. இதுவரை அமெரிக்கக் கதையும் எங்கள் கதையும் ஒன்றே. வேறுபாடு இதற்குப் பிறகு வருகிறது. அங்கே புதியவர் என்ன விலை கொடுத்து நுழைந்தார், எத்தனை ஆண்டுக்கு என்ன பங்கு என்பதை ரசிகரால் அறிந்து வாதாட முடிகிறது. இங்கே ஒரு கழகம் எதனால் முதல்தரத்துக்கு உயர்ந்தது, எதனால் இறங்காமல் இருக்கிறது என்பதைக் கேகாலை ரசிகர் எப்படி அறிவார்?

இலங்கையில் கழகங்களின் பிரீமியர் தொடர் 1988-89 இலிருந்து முதல்தரப் போட்டியாகக் கணக்கிடப்படுகிறது. முதல்தரக் கழகங்களின் எண்ணிக்கை கூடிக்கூடி 2022 இல் 26 ஆனது. இங்கிலாந்தின் கவுண்டிகள் 18. அவுஸ்திரேலியாவின் மாநில அணிகள் 6. நியூசிலாந்திலும் 6. இத்தனை சிறிய தீவில் 26 அணிகள் என்றால் கிரிக்கெட் மூலை முடுக்கெல்லாம் போயிருக்கும் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். பெரும்பாலான கழகங்கள் கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான் இருக்கின்றன. ஒரே நகரத்துக்குள் திறமை பங்குபோடப்பட்டு நீர்த்துப்போனதே தவிர, புதிய ஊர் ஒன்றுக்குப் பெரிதாகக் கதவு திறக்கவில்லை.

காரணம் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். இலங்கை கிரிக்கெட்டின் நிர்வாகிகளைத் தெரிவு செய்வது உறுப்புக் கழகங்களும் சங்கங்களும். அண்மைக் காலம்வரை அந்த வாக்குகள் 140 ஐத் தாண்டியிருந்தன. வாக்குள்ள கழகத்தைத் தரமிறக்க எந்த நிர்வாகத்துக்கும் மனம் வராது. வாக்கைச் சேர்க்க வேண்டுமானால் ஒரு கழகத்தை உயர்த்துவது எளிது. ஆட்டத்தின் பெயரால் நடந்த விரிவாக்கத்தில் பெரும்பகுதி வாக்குப்பெட்டியின் விரிவாக்கம் என்பது என் முடிவு. உள்நாட்டு முதல்தரக் கிரிக்கெட்டைக் குறைந்த அணிகளுக்குள் சுருக்கி மாகாண அடிப்படையில் அமைக்க வேண்டும் என்று மஹேல ஜயவர்தன போன்றவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன யோசனை ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் இதுதான் விடை.

இதன் விலையை 2023 நவம்பரில் எல்லோரும் கொடுத்தோம். 2 ஆம் திகதி மும்பை வான்கடேயில் இந்தியாவுக்கு எதிராக 55 ஓட்டங்களுக்குள் சுருண்டோம். நான்கு நாட்களில் விளையாட்டுத்துறை அமைச்சர் நிர்வாகத்தைக் கலைத்தார். 10 ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. அமைச்சரும் பதவி இழந்தார். 2024 ஜனவரி கடைசியில் தடை நீங்கியது. நிர்வாகமும் அமைச்சும் மோதிக்கொண்டதில் சொந்த மண்ணில் உலகக் கிண்ணம் ஆடும் வாய்ப்பை இழந்தவர்கள் அந்த வயதுப் பிள்ளைகள். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் கே.ரி. சித்ரசிறி தலைமையிலான குழுவிடம் புதிய யாப்பை வரையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. வாக்குகளைப் பாதிக்கும் குறைவாக்க வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகுதான் வலுத்தது.

குறைப்பது சரியே. ஆனால் எதைப் பார்த்துக் குறைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். பணமும் மைதானமும் உள்ள கொழும்புக் கழகம் மிஞ்சி, மாவட்டச் சங்கங்கள் தேய்ந்துபோனால் எண்ணிக்கை சுருங்கும், அநியாயம் சுருங்காது.

புதியவர்களைச் சேர்த்தால் தரம் விழுந்துவிடும் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும், ஏனென்றால் தொடக்கத்தில் அது உண்மைதான். இந்தியக் கிரிக்கெட் நிர்வாகத்தைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட லோதா குழுவின் பரிந்துரைகளுக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பின் 2018-19 இல் இந்தியாவின் ரஞ்சிக் கிண்ணத்தில் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்தன. 28 அணிகள் 37 ஆயின. வடகிழக்கின் சிறு மாநிலங்களும் பீகாரும் உத்தரகண்டும் புதுச்சேரியும் வந்தன. ஒருதலைப்பட்சமான ஆட்டங்கள் நிறைய நடந்தன. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்தப் பருவத்தில் பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து, பிஷன் சிங் பேடி பல்லாண்டுகளுக்கு முன் வைத்த 64 என்ற சாதனையைத் தாண்டினார். பலவீனமான அணிகளுக்கு எதிராக எடுத்த விக்கெட் என்று குறைத்துப் பேசியவர்கள் உண்டு. அதே பருவத்தில் உத்தரகண்ட் கால் இறுதிவரை போனது. புதியவர்களைத் தனிப் பிரிவில் ஆடவிட்டு, வென்றவரை மேலே எடுத்த ஏற்பாடு அதற்கு வழிவிட்டது. கறுப்புப் பக்கமும் உண்டு. வெளியூர் வீரர்கள் வந்து இடத்தைப் பிடிக்கிறார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள் என்று புதுச்சேரியில் எழுந்த முறைப்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். வதிவிட நிபந்தனையில் ஓட்டை இருந்தால் ஊரின் பெயரில் இன்னொருவர் ஆடுவார்.

தரம் பற்றிப் பேசும் இலங்கையர் ஒன்றை மறக்கக்கூடாது. நாமே விரிவாக்கத்தால் வந்தவர்கள். 1965 இல் இணை உறுப்புரிமை பெற்றோம். முழு உறுப்புரிமைக்கு 1981 ஜூலை வரை காத்திருந்தோம். இத்தனை சிறிய நாடு தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகம் நம்மைப் பற்றியும் இருந்தது. 1982 பெப்ரவரியில் பி. சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட். பதினான்கு ஆண்டுகளில் உலகக் கிண்ணம். அன்று வாசலில் நிறுத்தியே வைத்திருந்தால் 1996 வந்திருக்காது.

உறுப்புரிமை, நிபந்தனை என்ற சொற்கள் மலையகத்தாருக்கு வெறும் விளையாட்டுச் சொற்களும் அல்ல. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரிடம் அத்தாட்சி கேட்டது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்ணிக்கையாகப் பங்குபோட்டது. அந்தக் கணக்கு 2003 சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. விளையாட்டிலும் அதே வேலிதான். ராதெல்லையில் டிம்புல கழகம், அவிசாவளைப் பக்கம் களனிவெளிக் கழகம் என்று துரைமாருக்குக் கழகங்கள் இருந்தன. மண்ணை வெட்டிச் சமன்செய்து புல் செதுக்கிய கைகள் அங்கே உறுப்பினர் கைகள் அல்ல. கொழும்பில் 1899 இலேயே தமிழ் யூனியன் தோன்றியது. அது கொழும்புத் தமிழரின் கழகம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

அந்தத் தமிழ் யூனியனுக்காகவே பின்னாளில் முத்தையா முரளிதரன் ஆடினார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். 800 டெஸ்ட் விக்கெட்டுகளை நாம் நமது பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவரைத் தூக்கிவிட்ட ஏணி எது? கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி. கடினப்பந்து ஆடும் கல்லூரி, பயிற்றுநர், வாராவாரம் போட்டி. அந்த ஏணி கண்டியில் இருந்தது. எங்கள் பக்கம் அது இன்னும் வந்து சேரவில்லை.

கேகாலையில் கேகாலு வித்தியாலயமும் புனித மரியாள் கல்லூரியும் ஆண்டுதோறும் மோதும் பெரும் போட்டிக்கு ஊரே திரளும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் ஆடும் வடக்கின் பெரும் சமர் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. இவை எல்லாம் இரண்டு கல்லூரிகளுக்கு இடையிலான பரம்பரை உடன்பாடுகள். மூன்றாவது கல்லூரி விண்ணப்பம் போட்டு உள்ளே வர வழியில்லை, வர வேண்டும் என்றும் நான் கேட்கமாட்டேன். ஆனால் பாடசாலை கிரிக்கெட்டின் பிரிவுகள் அப்படி இருக்கக்கூடாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. எங்கள் சுற்றுவட்டாரத் தோட்டப் பாடசாலைகளில் கடினப்பந்து ஆட்டம் ஒன்றை நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. மாலையில் பால் வெட்டு முடிந்த றப்பர்க்காட்டு ஓரத்திலும் ஸ்டோர் முற்றத்திலும் மென்பந்தில் மணிக்கட்டைத் திருப்பும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். திறமை உள்ளவன் என்று அவனை எங்கே அனுப்புவது? காலணி, காப்பு, கையுறை, தலைக்கவசம் எல்லாம் சேர்த்தால் பெற்றோரின் பல நாள் சம்பளம். அதற்கு மேல் கொழும்புக்கு பஸ் செலவு.

ஆகவே நிபந்தனைகளை மாற்றி எழுதச் சொல்கிறேன். முதல்தர உரிமை கேட்கும் கழகம் தன் மாவட்டத்துப் பாடசாலைகள் நான்குக்காவது கடினப்பந்துப் பயிற்சி கொடுக்கட்டும், அதில் ஒன்று தோட்டப் பாடசாலையாக இருக்கட்டும். பெண்கள் அணியும் 19 வயதுக்குட்பட்ட அணியும் இல்லாத கழகத்துக்கு வாக்கு வேண்டாம். மாகாணத்தின் பெயரைத் தாங்கும் அணி அந்த மாகாணத்தில் ஆடட்டும். மைதானம் தயாராக இல்லை என்பவரிடம், அதைத் தயாராக்கக் காலக்கெடு கேட்போம். இவற்றை நிறைவேற்றுகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே வரட்டும். நிறைவேற்றாதவர் நூறு ஆண்டுப் பழைமை பேசினாலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கட்டும். தரம் பற்றிய கவலைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் கிரிக்கெட் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வாக்கு உங்கள் கையில் இருக்கும்வரைதான் கொழும்பிலிருந்து உங்களைத் தேடி வருவார்கள். அடுத்த முறை வரும்போது சப்ரகமுவவின் பெயரில் ஓர் அணியையும், அதன் தேர்வுப் போட்டிகளுக்குத் தோட்டப் பாடசாலைகளுக்கு அழைப்புக் கடிதத்தையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் எந்த மொழியில் வரும் என்பதையும் கேளுங்கள். தமிழிலும் வர வேண்டும்.