மலைக்கும் ஒரு பங்கு வையுங்கள்

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வந்துவிட்டால் எங்கள் தென்காசிப் பக்கம் சீஸன் களைகட்டிவிடும். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் பழக்கடைகள்தான். ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன், முட்டைப்பழம், நாவல் என்று கூடை கூடையாகக் குவிந்திருக்கும். வெளியூரிலிருந்து வருகிற சகோதரிகள், "எல்லாம் காட்டுப்பழம்தானே? உடம்புக்கு ரொம்ப நல்லதாமே?" என்று ஆசையாக வாங்குவார்கள்.

அதில் பாதிதான் சரி. ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் மூன்றும் மலேயா, இந்தோனேஷியா பக்கத்துப் பழங்கள். இங்கே தோட்டத்தில் வைத்து வளர்க்கிறவை. கும்பினியார் காலத்திலேயே குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார்கள். இப்போதும் அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. பழத்தோட்ட அருவி என்று ஓர் அருவிக்குப் பெயரே உண்டு. தோட்டத்துப் பழங்களைத் தாராளமாக வாங்குங்கள். விற்கிறவருக்குப் பிழைப்பு, காட்டுக்கும் பாதகமில்லை.

மலைக்கே சொந்தமான பழங்கள் வேறு. காட்டு நாவல், மலைநெல்லி, ஐனிப்பலா, கொடம்புளி, அப்புறம் மூட்டிப்பழம். இந்தக் கடைசிப் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டோம். மூடு என்றால் மரத்தின் தூர். இது கிளையில் காய்க்காது. அடிமரத்தை ஒட்டி, தரை வரைக்கும் கொத்துக் கொத்தாகச் சிவப்பாகக் காய்த்துக் கிடக்கும். உள்ளே சுளை இனிப்பும் புளிப்புமாக இருக்கும். தடித்த தோலை ஊறுகாய் போடுவார்கள்.

தாவர சாஸ்திரத்தில் இதற்குப் பெயர் பக்கோரியா கூர்ட்டாலென்ஸிஸ். அந்தக் கூர்ட்டாலென்ஸிஸ் வேறொன்றுமில்லை, நம் குற்றாலம்தான்! 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து செடிகொடிகளைச் சேகரித்த ராபர்ட் ஒயிட் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் வைத்த பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது தானாக முளைப்பதில்லை. எங்கிருந்தோ வந்த மங்குஸ்தானை நமக்குத் தெரிகிறது, நம் ஊர்ப் பெயரையே சுமக்கிற பழத்தைத் தெரியவில்லை, பார்த்தீர்களா?

இந்த மரத்தில் பனையைப் போல ஆண் தனி, பெண் தனி. 'இது காய்க்காத மரம்தானே' என்று ஆண் மரத்தை வெட்டினால், பக்கத்தில் நிற்கிற பெண் மரமும் காய்க்காமல் போகும்.

எதிர்வீட்டு மருமகப்பெண் ஒருநாள் கேட்டாள், "ஏன் அத்தை, காட்டுல பழுத்து விழுந்து வீணாத்தானே போகுது? நாம நாலு பறிச்சா என்ன கொறைஞ்சிரும்?" என்று.

நியாயமான கேள்விதான். ஆனால் காட்டில் எதுவும் வீணாவதில்லை. இருவாச்சிப் பறவை பழத்தை முழுங்கி, கொட்டையை எங்கோ தூரத்தில் போய்ப் போடும். சிங்கவால் குரங்கு, மரநாய், கரடி, வௌவால் எல்லாம் இதே வேலையைச் செய்கின்றன. மான் நெல்லிக்காயைத் தின்றுவிட்டு, சாவகாசமாகப் படுத்து அசைபோடும்போது கொட்டையை வெளியே தள்ளுகிறது. அங்கேதான் அடுத்த நெல்லிக்கன்று முளைக்கிறது. நாம் மொத்தப் பழத்தையும் வழித்துக்கொண்டு வந்தால் மிருகங்களுக்குப் பசி. மரத்துக்கு வாரிசு இல்லை. மரம் இன்றைக்கே சாகாது. அம்பது வருஷம் கழித்துக் கிழமரங்கள் மட்டும் நிற்கும். அந்த மலைதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் சிற்றாற்றில் விடுகிறது. அந்தத் தண்ணீர் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆகவே இது பழத்தோடு முடிகிற விஷயமில்லை, நம் வீட்டுக் குடிதண்ணீர் விஷயம்.

அப்படியானால் காட்டுப்பழத்தைத் தொடவே கூடாதா? அப்படியும் இல்லை. எவ்வளவு பறிக்கிறோம், எப்படிப் பறிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெல்லியைக் கையால் பறித்தாலோ, கிளையைக் குலுக்கி உதிர்த்தாலோ மரத்துக்கு ஒன்றும் ஆகாது. அவசரக்காரர்கள் கிளையையே வெட்டிச் சாய்க்கிறார்கள். அந்தக் கிளை மறுபடி வளர்ந்து காய்க்க வருஷக்கணக்காகும்.

கர்நாடகத்தில் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர் என்ற மலைமக்களோடு சேர்ந்து ஆராய்ச்சியாளர்கள் நெல்லி மரங்களைப் பல வருஷம் கவனித்தார்கள். பறிப்பது மட்டும் கேடில்லை, மரத்தில் ஒட்டி வளர்கிற புல்லுருவியும், காட்டை மூடுகிற உண்ணிச்செடியும் நெல்லியை நலிய வைக்கின்றன என்று தெரிந்தது. காட்டிலேயே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்ததை நாமும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

நம் பொதிகை மலையிலும் ஒரு கதை நடந்திருக்கிறது. 1987-ல் பாலோட்டில் இருக்கிற தாவர ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் அகஸ்தியர் மலையில் ஏறினார்கள். வழிகாட்டிய காணிக்காரர்கள் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995-ல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்கு உரிமம் கொடுத்தார்கள். கிடைத்த தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. சொல்லிக் கொடுத்தவர்களுக்குப் பங்கு போனது நல்ல காரியம். ஆனால் மருந்துக்கு மவுசு வந்ததும், செடியே அழிந்துவிடுமோ என்ற கவலையும் கூடவே வந்துவிட்டது. ஒரு பழத்துக்குப் பெயர் கிடைத்தால் அதற்கு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்கிற மலைமக்களுக்குச் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்க 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. குளிக்க வந்த நமக்கு அந்த உரிமை கிடையாது. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் எதைப் பறித்தாலும் குற்றம்தான்.

இனி, வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

1. மலைநெல்லி வாங்கும்போது கூடையை ஒரு பார்வை பாருங்கள். கிளையும் இலையுமாகக் கிடந்தால் வெட்டிச் சாய்த்தது என்று அர்த்தம். உதிரிக்காயாக இருப்பதை வாங்குங்கள். மலைமக்களே கொண்டுவந்து விற்றால் பேரம் பேசாதீர்கள்.

2. பறவையோ வௌவாலோ கடித்த பழம், கீழே விழுந்த பழம் வேண்டாம். 2018-ல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்த பிறகு டாக்டர்கள் இதை வற்புறுத்திச் சொல்கிறார்கள். எந்தப் பழத்தையும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அதற்காக வௌவாலை விரட்டி அடிக்கவும் கூடாது. மரத்துக்கு அதுவும் வேலைக்காரன்தான்.

3. ரம்புட்டான், நாவல் இரண்டையும் சின்னக் குழந்தைகளுக்கு அப்படியே கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு தொண்டையில் அடைத்துவிடும். கொட்டையை எடுத்துவிட்டுச் சதையைப் பிய்த்துக் கொடுங்கள். பேர் தெரியாத காட்டுப்பழத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

4. நாவல்கொட்டைப் பொடி சாப்பிடுகிறோமே என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.

5. அருவிக்கரையில் குரங்குக்குப் பழம் போடாதீர்கள். அது காட்டுக்குள் போய்த் தேடித் தின்றால்தான் விதை பரவும். கையில் கிடைத்துப் பழகிவிட்டால் குழந்தையிடமிருந்து பிடுங்கும், கடிக்கும்.

6. கொல்லையில் இடமிருந்தால் நெல்லிக்கன்று ஒன்று வையுங்கள். இடுக்கிப் பக்கம் மூட்டிப்பழத்தையே தோட்டத்தில் வளர்க்கிறார்கள். வீட்டில் ஒரு மரம் காய்த்தால் மலையில் ஒரு மரம் பிழைக்கும்.

மலைநெல்லி கிடைத்தால் ஒரு கிலோவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அங்கங்கே கீறிவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கல்லுப்பும் கொஞ்சம் மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு பீங்கான் ஜாடியில் காயோடு ஊற்றி, நாலு பச்சைமிளகாயைக் கீறிப் போடுங்கள். ஒரு வாரத்தில் ஊறிவிடும். காய் தண்ணீருக்குள் முங்கியே இருக்கட்டும், ஈரக்கரண்டி போட வேண்டாம். வைட்டமின் 'சி'க்கு இதைவிட மலிவான சரக்கு கிடையாது. தயிர் சாதத்துக்கு ஒரு காய் போதும். பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சாப்பிடும்.

சீஸனுக்குக் குற்றாலம் வருகிற சகோதரிகளுக்குக் கடைசியாக ஒன்று. பழக்கடையில் விலை கேட்பதற்கு முன்னால், "இது தோட்டத்துப் பழமா, மலைப்பழமா? எப்படிப் பறிச்சது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் பறிக்கிறவரும் யோசிப்பார்.