அக்குளில் எவ்வளவு எடுக்க வேண்டும்?

மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு நாள் குறித்தவுடன் குடும்பத்தார் கேட்பது, "மார்பு முழுவதையும் எடுத்துவிடுவார்களா?" என்பதே. அக்குளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. திருப்புலி நாட்டில் மண்வெட்டி பிடித்து, விறகையும் பலாவையும் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்களுக்கு அந்தக் கேள்வியும் அதே அளவு முக்கியம் என்பது என் கருத்து.

நெறி கட்டியிருக்கிறது என்று நாம் சொல்வது நிணநீர்க் கணுக்கள் வீங்குவதைத்தான். மார்பிலிருந்து நோய் பரவினால் பெரும்பாலும் அக்குள் கணுக்களையே முதலில் அடைகிறது. முன்னாளில் அவற்றைக் கூட்டமாக நீக்குவதே வழக்கம். அப்படி நீக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. நிணநீர் முதலில் சென்று சேரும் 'காவல் கணு'வை மட்டும் எடுத்துச் சோதித்தால் இது இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. வீங்கிய கையை வாழ்நாள் முழுவதும் பேண வேண்டும். மலைக்காட்டு வேலையில் சிறு முள் கீறினாலும் அதில் சீழ் பிடிக்கக்கூடும்.

"மிச்சம் வைத்தால் நோய் திரும்பாதா?" என்ற அச்சம் நியாயமானதே. காவல் கணுக்களில் ஒன்றிரண்டில் மட்டும் நோய் காணப்பட்ட பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2017இல் வெளியானது. மேலும் கணுக்களை நீக்காதவர்களில் 86.3 விழுக்காட்டினரும், நீக்கப்பட்டவர்களில் 83.6 விழுக்காட்டினரும் பத்தாண்டு கடந்து வாழ்ந்தனர். ஆனால் அவர்கள் கட்டி சிறிதாக இருந்தவர்கள். கையால் தொட்டுணரும் நெறி இல்லாதவர்கள். மார்பைக் காத்து அறுவை செய்துகொண்டு, பின்னர் கதிர்வீச்சு பெறுவதாகத் திட்டமிடப்பட்டவர்கள்.

அந்தக் கதிர்வீச்சில்தான் நமக்குச் சிக்கல். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சமவெளி நகரில் பெரும்பாலும் மூன்று வாரமோ அதற்கு மேலோ தங்க வேண்டும். மிளகு பறிப்பு வந்துவிட்டது, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை என்று பாதியில் திரும்புவோர்க்கு அந்த ஆய்வின் ஆறுதல் பொருந்தாது. ஆகவே கணுக்களைக் குறைத்து எடுக்கப் பரிந்துரைக்கும் மருத்துவமனை, தங்குமிடத்துக்கும் வழி சொல்ல வேண்டும் என்பேன். அது மருத்துவத்தின் பகுதியே, தருமம் அன்று.

கதிரியக்க மருந்தும் அதைக் கண்டறியும் கருவியும் இல்லாத இடங்களில் நீலச் சாயத்தைக் கொண்டும் காவல் கணுவைத் தேடலாம். அக்குளின் கீழ்ப்பகுதித் திசுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர் ஆராய்ந்திருக்கின்றனர். நோய் பல கணுக்களில் உறுதியானால் முழு நீக்கமே சரியாக இருக்கலாம். அப்போது கைவீக்கத்துக்கு அஞ்சி மறுக்க வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் நீங்கள் செய்யும் வேலையை மருத்துவரிடம் சொல்லுங்கள். எத்தனை நாள் கீழே தங்க முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.