கொசுவிரட்டிச் செடிக்குக் காசு எதுக்கு?

டவுன்ல சில நர்சரிகள்ல வாசனை ஜெரேனியத்தை 'கொசுவிரட்டிச் செடி'ன்னு பேர் வச்சு விக்கிறாங்க. தொட்டியில சும்மா நிக்கிற செடிக்குக் கொசு பயப்படாது. இலையைக் கசக்கினாத்தான் அந்த வாசமே நல்லா வரும். கொசுவுக்குத் தேங்கின தண்ணியைக் கொட்டுங்க; செடியை வாசத்துக்காக வளருங்க.

அதையும் விலைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. செடி வச்சிருக்கிற வீட்டுல ஒரு கொப்பு கேளுங்க. பூ இல்லாத கொப்பா, 4 அங்குல நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டணும். அடி இலைகளைக் கிள்ளிட்டு நுனியில ரெண்டு மூணு இலை விட்டாப் போதும். வெட்டுவாய் காய நாலஞ்சு மணி நேரம் நிழல்ல வைங்க. மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்து, ஊன்றி, ஒரு தடவை தண்ணி விடுங்க. அப்புறம் மேல்மண் காஞ்சாத்தான் தண்ணி. பாலித்தீன் கவர் போட்டு மூடாதீங்க. தண்டு கறுத்து அழுகிடும். மூணு நாலு வாரத்துல வேர் பிடிக்கும்.

இது தென்னாப்பிரிக்கச் செடி. நம்ம பக்கம் நீலகிரி, கொடைக்கானல் குளிருக்கு நல்லா வரும். சென்னை, மதுரைக்காரங்க மார்கழி, தையில ஊன்றுங்க. சித்திரை வெயில்ல பிழைக்கிறது கஷ்டம்.

கிராமத்துல முருங்கைப் போத்தையோ கற்பூரவள்ளிக் கொப்பையோ பக்கத்து வீட்டுக்கு யாரும் விக்கிறதில்ல. கேட்டா ஒடிச்சுத் தருவாங்க. மாடி வீடுகளுக்கும் அந்தப் பழக்கம் வரணும். ரெண்டு கொப்பு வேர் பிடிச்சா, ஒண்ணை எதிர் வீட்டுக்குக் கொடுத்துப் பாருங்க.