டிரெய்லரைப் பின்னே செலுத்தும் வித்தை

மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்லும் நான்கு வழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகச் செல்கிறது. கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் அதில் இரவு பகலாக ஓடுகின்றன. பாலவனத்தம், திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் காட்டுவேலையும் பொய்த்துப்போகும். ஆகையால் இவ்வட்டாரத்து வாலிபர்கள் லாரித் தொழிலை நாடுவது இயல்பே. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், டிரெய்லரை முன்னே ஓட்டப் பழகிய மாத்திரத்தில் தொழில் கைவந்துவிட்டதென்று அவர்களும், அவர்களுக்கு உரிமம் வழங்கும் சர்க்காரும் கருதிவிடுவதுதான் நமக்குக் கவலை தருகிறது.

நெடுஞ்சாலையில் நேரே ஓட்டுவது எளிது. கிட்டங்கி வாசலிலோ, ஆலை முற்றத்திலோ, 40 அடிக் கன்டெய்னரைச் சுமந்த வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதே அரிது. டிரெய்லர் ஒரே உடலன்று. முன்னே இழுவை வண்டி, பின்னே சுமை வண்டி. இரண்டையும் ஒரு முளை இணைக்கிறது. பின்னே செல்லும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் ஒடித்தால் டிரெய்லரின் வால் இடப்புறம் போகும். இடப்புறம் ஒடித்தால் வலப்புறம் போகும். எனவே புதியவனுக்கு அனுபவஸ்தர்கள் ஒரு யுக்தி சொல்வதுண்டு. ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள். வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்பார்கள்.

அத்துடன் முடிந்துவிடுவதில்லை. வால் திரும்பத் தொடங்கியதும் ஸ்டியரிங்கை மாற்றி ஒடித்து, இழுவை வண்டி அதைப் பின்தொடரும்படி செய்யவேண்டும். தாமதித்தால், பேனாக்கத்தி மடங்குவதுபோல் இரண்டும் மடங்கி முட்டிக்கொள்ளும். அந்நிலையில் மேலும் பின்னே தள்ளுவது மௌட்டியம்; முன்னே சென்று நேராக்கி, மறுபடி தொடங்குவதே விவேகம். நம் தேசத்தில் ஓட்டுநர் வலப்புறம் அமர்கிறார். வலப்புறமாகப் பின்வாங்கினால் ஜன்னல் வழியே வாலைக் காணலாம். இடப்புறம் திரும்பினாலோ கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவரன்றி வேறெதுவும் தெரியாது. சந்தேகம் தோன்றிய கணமே வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்க்கவேண்டும். இறங்கிப் பார்ப்பது இழிவென்று எண்ணுகிறவர் இத்தொழிலுக்கு ஆகார்.

இந்த வித்தைக்கு நமது கிராமத்து வாலிபர் முற்றிலும் புதியவரல்லர். உழவு டிராக்டரின் பின்னே இரு சக்கரப் பெட்டியைப் பூட்டி, குறுகிய களத்துக்குள் பின்னே செலுத்தும் பையன் பாதி பாடத்தைப் படித்தவனே. ஒரு வித்தியாசம் மாத்திரம் உண்டு. சிறு பெட்டி சட்டென மடங்கும். நீண்ட டிரெய்லர் மெதுவாகத் திரும்பும். முன்னதற்கு வேகமான கை வேண்டும், பின்னதற்குப் பொறுமை வேண்டும். இருக்கும் அறிவின்மேல் முறையான பயிற்சியை ஏற்றினால் எத்துணைச் சிறந்த ஓட்டுநர்கள் கிடைப்பார்கள்!

ஆனால் சட்டம் என்ன செய்திருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டபோது நடுத்தர, கனரக வண்டிகளுக்குத் தனித்தனி உரிம வகுப்புகள் இருந்தன. 1994-ம் வருஷத்துத் திருத்தம் அவற்றையெல்லாம் 'போக்குவரத்து வாகனம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. பரீட்சையில் வண்டியைப் பின்னே செலுத்தி, குறுகிய இடைவெளிக்குள் நுழைத்துக் காட்டவேண்டுமென்று 1989-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன, வாஸ்தவமே. ஆனால் பரீட்சைக்கு வருவது பெரும்பாலும் பயிற்சிப் பள்ளியின் ஒற்றை உடல் லாரி. அதில் தேறியவர் மறுநாள் டிரெய்லரில் ஏறும்போது, அவர் கற்ற பாடம் தலைகீழாகிவிடுகிறது. அவருடைய உண்மையான பயிற்சிசாலை முதலாளியின் கிட்டங்கி. பரீட்சைப் பொருளோ, பின்னே நின்று "வா, வா" என்று குரல் கொடுக்கும் கிளீனர் பையனின் உயிர். இது தகுமா?

பிரிட்டனில் டிரெய்லர் லாரிக்கு உரிம வகுப்பே தனி. பின்னே செலுத்திக் காட்டாமல் அதைப் பெற முடியாது. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி முதல் புதிய ஓட்டுநர் நேராகவும், கோணமாகவும், இணையாகவும் பின்செலுத்தும் பயிற்சியை மைதானத்தில் முடித்த பின்னரே பரீட்சைக்குச் செல்லலாம். பிறநாட்டார் செய்வதையெல்லாம் நாம் பின்பற்ற வேண்டுமென்பதில்லை. உயிரைக் காக்கும் ஏற்பாட்டைப் பின்பற்றுவதில் வெட்கமுமில்லை.

நமது சர்க்கார் தண்டிப்பதில் மட்டும் பின்வாங்கவில்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தோருக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு அதிகபட்சம் 2 வருஷச் சிறை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சட்டத்தின் 106-வது பிரிவு அதை 5 வருஷமாக உயர்த்தியிருக்கிறது. அதே பிரிவில், விபத்தைத் தெரிவிக்காமல் ஓடுவோருக்கு 10 வருஷம் என்ற பகுதியை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், அப்பகுதி நிறுத்திவைக்கப்பட்டதும் யாவரும் அறிந்ததே. கவனக்குறைவுக்குத் தண்டனை வேண்டாமென்று நாம் வாதிக்கவில்லை. கற்பிக்காததைக் கேட்டுத் தண்டிப்பது எந்த நியாயம் என்றே கேட்கிறோம்.

நமது யோசனைகள் இவை. டிரெய்லருக்கு உரிமத்தில் தனிக் குறிப்பும், பின்செலுத்தும் தனிப் பரீட்சையும் வேண்டும். 2021-ம் வருஷத்து விதிகளின்படி அங்கீகாரம் பெறும் பயிற்சி நிலையங்களில் கனரக வாகனத்துக்கு 38 மணி நேரப் பயிற்சி உண்டு. அதற்கு மேல் டிரெய்லருக்கெனச் சில மணிகள் சேர்க்கப்பட வேண்டும். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் தரிசு நிலத்துக்குப் பஞ்சமில்லை. சில ஏக்கர் மேட்டைச் சமன்செய்து, எல்லைக் கம்புகள் நட்டு, ஒரு பழைய டிரெய்லரை நிறுத்தினால் பயிற்சிக்களம் தயார். லாரி முதலாளிகளும், ஆலை முதலாளிகளும் இதன் செலவில் பங்கேற்கட்டும். உடைந்த சுவரையும் நசுங்கிய சரக்கையும் கணக்கிட்டுப் பார்த்தால் அது அவர்களுக்கு இலாபமே.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது அதன் தலைவராக நின்றவரும் அவரே. நம் சரக்கை நம்மவரே நடத்தவேண்டுமென்பதே அவர்கள் கொண்ட உறுதி. இன்று தூத்துக்குடித் துறைமுகம் சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் வாயிலுக்குச் சரக்கைக் கொண்டு சேர்ப்பவர் தேவரின் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு பயிற்சிக்களம் கேட்பது பிச்சையன்று. சட்டசபை அங்கத்தினர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் இவ்விஷயத்தை உடனே கையிலெடுப்பார்களாக.