உறுமியை உறும வைக்க முடியாத இயந்திரம்

பாடல்களுக்கு இசையமைத்துப் பார்க்கும் ஆர்வம் நம் இளையர்கள் பலரிடம் இருக்கிறது. அவர்களுக்கு என் யோசனை இது. அடுத்த முறை மடிக்கணினியில் ‘தவில் 07’, ‘உறுமி 12’ என்றெல்லாம் பெயரிட்ட ஆயத்த ஒலிக்கோப்புகளைத் தேடி இழுத்துப் போடுவதற்கு முன்பு, ஒரே ஒரு கொட்டோசையை அனலாக் டிரம் சின்தசைசரில் நீங்களே உருவாக்கிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். அதற்குப் பிறகு கோயில் வாசலில் கேட்கும் மேளத்தை நீங்கள் முன்புபோலக் கேட்கமாட்டீர்கள்.

‘பழைய பெட்டிகள்மீது உனக்கு மோகம்’ என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. ஓரளவு உண்மைதான். வரிசையாகக் குமிழ்கள் பொருத்திய எந்தப் பெட்டியைக் கண்டாலும் திருகிப் பார்க்கத் தோன்றும். மின்பொறியியல் படிப்பதால் அதற்கு ஒரு சாக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் நான் இங்கே பேச நினைப்பது காதுகளைப் பற்றி.

இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான மின்னிலக்கத் தாளக் கருவிகளுக்குள் இருப்பது ஒலிப்பதிவு. யாரோ ஒருவர் எப்போதோ அடித்த அடியைப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அப்படியே திருப்பித் தருகிறது கருவி. அனலாக் டிரம் சின்தசைசருக்குள் எந்தப் பதிவும் கிடையாது. மின்தடைகளும் மின்தேக்கிகளும் டிரான்சிஸ்டர்களும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் ஒலி அந்தக் கணத்தில் புதிதாகப் பிறக்கிறது.

எப்படி? ஊஞ்சலை ஒரு முறை தள்ளிவிட்டு விலகி நில்லுங்கள். சில தடவை முன்னும் பின்னும் ஆடி, வீச்சு குறைந்து, நின்றுவிடும். சின்தசைசரின் பெரிய முரசுக்குரிய மின்சுற்றும் அப்படித்தான். மிகக் குறுகிய மின்துடிப்பு ஒன்று அதைத் தள்ளிவிடுகிறது. சுற்றிலுள்ள மின்னழுத்தம் நொடிக்கு ஐம்பது தடவைபோல் ஆடி அடங்குகிறது. ஒலிபெருக்கி வழியே வரும்போது அது நம் காதில் ‘டும்’. ஊஞ்சல் எவ்வளவு நேரம் ஆடவேண்டும் என்பதை ஒரு குமிழ் தீர்மானிக்கும். சற்றுக் குறைத்தால் மேசையைத் தட்டியதுபோல் இருக்கும். கூட்டினால் நெஞ்சுக்கூடு அதிரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தோலை ஓங்கி அடித்தால் அந்தக் கணத்தில் தோல் கூடுதலாக இழுபடும். சுருதி ஒரு துளி ஏறி உடனே இறங்கும். ஆகவே நல்ல சின்தசைசர் முரசும் கொஞ்சம் உயர்ந்த சுருதியில் தொடங்கிச் சட்டென்று கீழே விழும். இந்த வீழ்ச்சியை எடுத்துவிட்டால் முரசு முரசாக ஒலிக்காது, ஏதோ கருவி பழுதாகி ‘பூம்’ என்று முனகுவதுபோல் இருக்கும். நான் பல வருடம் மேளம் கேட்டிருக்கிறேன். ஆனால் அடி விழுந்தவுடன் சுருதி இறங்குகிறது என்பதைக் குமிழைத் திருகிய பிறகுதான் கவனித்தேன்.

இந்த வகைக் கருவிகளில் பெயர்பெற்றது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980ல் வெளியிட்ட டிஆர்-808. அதன் கைத்தட்டல் ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். பலர் சேர்ந்து தட்டினால் எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் சேராது அல்லவா? அதனால் வானொலி அலைவரிசை கிடைக்காதபோது கேட்கும் ‘ஸ்ஸ்’ போன்ற இரைச்சலை எடுத்து, ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நொடி இடைவெளியில் சில முறை திறந்து மூடினார்கள். கடைசியில் அறையின் எதிரொலிபோல் ஒரு வால். அவ்வளவுதான், ஒரு கூட்டம் கைதட்டிவிடும்! மாட்டு மணி ஓசைக்கு இரண்டே இரண்டு அலையியற்றிகள். ஜால்ராபோல் சிணுங்கும் சிம்பலுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆறு அலையியற்றிகள். உலோகம் எதுவும் இல்லாமலேயே உலோகத்தின் சிணுங்கல்.

வெளிவந்தபோது 808 பெரிய வெற்றி பெறவில்லை. ‘இது உண்மையான டிரம்ஸ்போல் இல்லையே’ என்பதுதான் குறை. அதே 1980ல் அமெரிக்காவில் வந்த லின் எல்எம்-1 உண்மையான டிரம்ஸ் பதிவுகளைக் கொண்டிருந்தது. விலை ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலர். 808ன் விலை 1,195 டாலர். ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காகேஹாஷி, வழக்கமாகக் கழித்துவிடப்படும் குறையுள்ள டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கி அதில் பொருத்தினார். அவற்றின் குறையே 808ன் சிம்பலுக்கும் இரைச்சலுக்கும் தனிச் சுவை தந்தது. பிற்காலத்தில் டிரான்சிஸ்டர் தயாரிப்பு மேம்பட்டு அத்தகைய பழுதான உறுப்புகள் கிடைக்காமல் போயின. 1983ல் 808 தயாரிப்பு நின்றது. மொத்தம் ஏறத்தாழ 12,000 கருவிகளே செய்யப்பட்டிருந்தன.

அதன்பிறகுதான் கதையே. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த 808ஐ, புதிய கருவி வாங்க வசதியில்லாத அமெரிக்க இளையர்கள் வாங்கிச் சென்றார்கள். ஹிப்-ஹாப், டெக்னோ, ஹவுஸ் ஆகியவற்றின் தாளத்தில் இந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றைய தமிழ் ராப் பாடல்களில் கேட்கும் அந்த நீண்ட ‘டும்ம்ம்’கூட அதன் வாரிசுதான். டிரம்ஸ்போல் நடிக்கத் தெரியாத கருவி, தன் சொந்தக் குரலால் பிழைத்துக்கொண்டது.

இனி நம் வாத்தியங்களுக்கு வருகிறேன்.

ஆங்கிலக் கையேடுகளில் ஓர் ஒலியின் வடிவத்தை விளக்க நான்கைந்து கலைச்சொற்கள் போதும்: எவ்வளவு வேகமாக எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி அடங்குகிறது. தமிழில் இதற்கெல்லாம் கலைச்சொல் இல்லையே என்று முதலில் நினைத்தேன். பிறகு நம் வினைச்சொற்களைக் கவனித்தேன். பறை அறைந்தார்கள் என்கிறோம். மேளம் கொட்டினார்கள், முரசு முழங்கியது, உறுமி உறுமியது. நான்கும் நான்கு விதம். அறைவது சட்டென்று எழுந்து சட்டென்று முடியும். கொட்டுவது தொடர்ந்து விழும் அடி. முழக்கம் மெதுவாக அடங்கும், எதிரொலியும் அதற்குள் சேர்ந்திருக்கும். உறுமல் முடிவில்லாமல் இழுபடும். பள்ளியில் ஒலிமரபு என்று மனப்பாடம் செய்தபோது இந்தச் சொற்களுக்கு உயிர் இருப்பதாகவே தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு வினைச்சொல்லும் குமிழின் ஒரு நிலையாகத் தெரிகிறது.

மிருதங்கம் இன்னும் ஒரு படி மேலே. சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒத்துப்போகாத அதிர்வெண்கள் கிளம்பும். அதனால்தான் பல முரசுகளுக்குத் தெளிவான சுருதி இருப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்பு வட்டம் இதை மாற்றுகிறது. தோலின் நடுவே எடை கூடுவதால் அந்த அதிர்வெண்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1920ல் இதைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார்; 1934ல் விரிவான ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். நோபெல் பரிசு வாங்கிய ஒளி ஆய்வு நமக்குத் தெரியும், மிருதங்க ஆய்வு தெரியாது. கணக்குப் போடத் தெரியாமல், காதை மட்டும் நம்பி அந்தக் கறுப்பு வட்டத்தைப் படிப்படியாகப் பூசிப் பழகிய கைவினைஞர்களை யாருக்குத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

மிருதங்கத்தின் ‘நம்’ ஓசையைச் சின்தசைசரில் ஓரளவு நெருங்கலாம். அலையியற்றிகளை இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளில் வைத்தால் சுருதி நிற்கும். என்னை உண்மையில் திணறடித்தது உறுமி.

உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது குச்சி தோலில் ஒட்டிக்கொள்ளும், இழுபடும், நழுவும், மறுபடி ஒட்டும். வயலின் வில்லும் தந்தியும் செய்யும் அதே வேலை. கோட்பாட்டின்படி ரம்பப் பல் வடிவ அலை ஒன்றை எடுத்து, மெதுவாக எழவைத்து, சுருதியை வழுக்கவிட்டால் வந்துவிட வேண்டும். இரண்டு இரவு உட்கார்ந்து செய்தேன். எங்கள் வட்டாரத்தில் உறுமி வாசிக்கும் அண்ணன் ஒருவரிடம் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “தங்கச்சி, இது உறுமல. குறட்டை விடுது” என்றார்.

சிரித்து முடித்ததும் அவர் தன் கையைக் காட்டி விளக்கினார். அழுத்தம் ஒரே மாதிரி இருக்காதாம். பக்கத்தில் தவில் என்ன வாசிக்கிறது என்று பார்த்துத்தான் குச்சி இறங்குமாம். அதாவது நான் தேடிக்கொண்டிருந்த குமிழ் பெட்டியில் இல்லை. பக்கத்து வாத்தியக்காரரிடம் இருந்தது. ‘உறுமி 12’ கோப்பை இழுத்துப் போட்டிருந்தால் இந்த உரையாடலே நடந்திருக்காது. அந்தக் கோப்பில் வாசித்தவரின் பெயரும் பெரும்பாலும் இருக்காது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்குரல் உண்டு. இயந்திரத் தாளம் கலைஞர்களின் பிழைப்பில் கைவைக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். தபேலா கலைஞர் உட்கார்ந்த இடத்தில் கீபோர்டின் தாளப் பொத்தான் வந்துவிட்ட மேடைகளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கலைஞரின் இடத்தைப் பிடித்தது எது? ‘தபேலா’ என்று பெயர் போட்டுக்கொண்டு தபேலாவைப்போல் நடிக்கும் பதிவுதான். சின்தசைசரின் ‘டும்’ யாருடைய வேடத்தையும் போடவில்லை. எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுகிறது. செலவைக் குறைக்க நினைக்கும் ஏற்பாட்டாளருக்கு இது பொருட்டில்லை என்பதும் தெரியும். அந்தச் சிக்கலைக் குமிழ் திருகித் தீர்க்க முடியாது.

வேடம் போடாமல் நம் இசையோடு சேர முடியுமா என்று கேட்டால், முடியும் என்று காட்டியவர் மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங். இந்தித் திரையிசையில் வாசித்துவந்த அவர், 1982ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தாளத்துக்கு 808, அடிநாதத்துக்கு அதே நிறுவனத்தின் டிபி-303. அந்தக் கருவிகளை அவர் வாங்கியது நம் சிங்கப்பூரில்! இசைத்தட்டு அப்போது விலைபோகவில்லை. 2010ல் மறுவெளியீடு கண்ட பிறகு, வயதான காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார். தபேலாவை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். ராகம் ராகமாக நிற்கிறது, பெட்டி பெட்டியாக ஒலிக்கிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

நம் பள்ளிகளில் இயற்பியல் வகுப்பில் இசைக்கவையைத் தட்டி அதிர்வெண், வீச்சு என்று படிக்கிறோம். இந்திய இசைக்குழுப் பயிற்சி வேறொரு நாளில், வேறோர் அறையில் நடக்கிறது. இரண்டுக்கும் போகும் மாணவர்கூட ஒன்றை மற்றொன்றோடு இணைத்துப் பார்க்க வாய்ப்பில்லை. ஒரு தவிலையும் ஒரு சிறிய சின்தசைசரையும் ஒரே மேசையில் வைத்து, ‘இதை அதில் செய்து காட்டு’ என்று சொன்னால் போதும். மாணவர்கள் தோற்பார்கள். எங்கே தோற்றார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், அதுதான் பாடம். தமிழ் வகுப்பிலேயே எழுதச் சொன்னாலும் எனக்கு மகிழ்ச்சி. ‘என் பொழுதுபோக்கு’ கட்டுரையைவிட நன்றாக வரும்.

தொடங்குவதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. விசிவி ராக் என்ற மென்பொருள் இலவசம். அலையியற்றி, வடிகட்டி, இரைச்சல் எல்லாவற்றையும் திரையில் கம்பியிழுத்து இணைக்கலாம். கருவிதான் வேண்டும் என்றால் கோர்க் நிறுவனத்தின் வோல்கா பீட்ஸ் போன்ற சிறிய பெட்டிகள் இருக்கின்றன. கையை அழுக்காக்கிக்கொள்ளத் தயார் என்றால் சிம் லிம் டவருக்குப் போங்கள், தேக்காவிலிருந்து நடக்கும் தூரம்தான். அங்கே உதிரிபாகங்கள் வாங்கி ஒரு பலகையில் பொருத்திவிடலாம்.

உறுமியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பறையிலிருந்து தொடங்குங்கள். அடிக்குச்சிக்கு ஓர் ஒலி, சிம்புக்குச்சிக்கு இன்னொன்று. இரண்டிலும் இரைச்சல் சற்று அதிகம், அடங்கும் நேரம் மிகக் குறைவு. நான் செய்த பறை இன்னும் தகரம்போல்தான் கேட்கிறது. நெருப்பில் காட்டி இறுகிய தோலின் ஓசை எந்தக் குமிழில் ஒளிந்திருக்கிறது என்று உங்களில் யாராவது கண்டுபிடித்தால், எனக்கும் சொல்லுங்கள்.